மேற்கு வேலிப் பொட்டு

மழை தொடங்குமுன் வேலி வேலையை முடித்துவிட வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் மழை தொடங்கிய பிறகுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். "யோகண்ணை, மாடு உள்ளுக்கை வந்திட்டுது, நாளைக்கே வாங்கோ" என்பார்கள். நானும் போவேன். ஈர மண்ணில் குழி குத்துகிற இரும்பு அலவாங்கு சுகமாக இறங்கும் என்பதைத் தவிர அந்த நேரத்து வேலையில் வேறு நன்மை இல்லை.

ஐயா, என்னை நீங்கள் ஒருமுறை விசாரித்திருக்கிறீர்கள். என் பெயர் இளையதம்பி யோகநாதன். பரந்தனுக்குக் கிழக்கே இருக்கிறேன். வயலுக்கு முள்ளுக்கம்பி, வெளிநாட்டுக்காரர் கட்டிய வீட்டுக்கு வலைக்கம்பி, கடைக்குப் பின்னால் தகரம், காட்டோரக் காணிக்கு யானைக் கம்பி, இன்னும் ஆசைப்படுகிறவர்களுக்குத் தென்னோலைக் கிடுகு. எல்லாம் அடைப்பேன். என் தம்பியின் பெண்சாதி சிவனேஸ்வரியை மறியலில் அடைத்து வைத்திருக்கிறீர்கள். பக்கத்துக் காணிச் சதீஸ் காணாமல் போனதற்கு அவா பதில் சொல்ல வேண்டும் என்கிறீர்கள். அவா ஒன்றும் செய்யவில்லை. அவாவை நீங்கள் விட வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். முதலில் இருந்து ஒழுங்காகச் சொன்னால்தான் விளங்கும்.

என் தம்பி திலீபன் லொறி அடித்துச் செத்தவன். செத்தவீட்டுப் பந்தல் பிரித்த அன்றே அவன் வீட்டு வளவைச் சுற்றி நடந்து பார்த்தேன். தனித்த பெண். பிள்ளை இல்லை. றோட்டால் போகிறவன் வருகிறவன் எல்லாம் முற்றத்தைப் பார்க்கலாம். அவா கேட்கவில்லைதான். கேட்கட்டும் என்று இருந்தால் எந்த வேலையும் நடக்காது. முன்பக்கம் ஆள் உயரத்துக்கு மேலே தகரம் அடித்தேன். பின்பக்கம் முள்ளுக்கம்பியை நெருக்கி இழுத்தேன். கிழக்கே வலைக்கம்பி போட்டு மேலே முள்ளுச் சுருள் வைத்தேன். "அத்தான், இதென்ன காம்ப் மாதிரிக் கிடக்கு" என்று அவா சிரித்தா. நானும் சிரித்தேன்.

மேற்குப் பக்கம்தான் கரைச்சல். அது சதீசின் வேலி. எங்கள் ஆட்கள் எல்லை வேலியைப் பங்கு பிரித்துத்தான் வைத்திருப்பார்கள். ஒரு பக்கம் உன்னுடையது, மற்றப் பக்கம் என்னுடையது. மற்றவனுடைய வேலியில் கை வைத்தால் வெட்டுக்கொத்து வரும். வழக்கென்று வருசக் கணக்கில் கோட்டுக்கு அலைந்தவர்களை எனக்குத் தெரியும். ஆகவே சதீசின் கிடுகு வேலி பழசாகிக் கறுத்துப்போய்க் கிடந்தாலும் நான் தொடவில்லை.

அந்த வேலியில் ஒரு பொட்டு வந்தது. ஆள் குனிந்து போய்வரக்கூடிய இடைவெளியைப் பொட்டு என்போம். உறவான வீடுகளுக்கு நடுவில் அப்படி விடுவது வழக்கம். தேங்காய்த் துருவல் கேட்டும் நெருப்புப்பெட்டி கேட்டும் போய்வருவார்கள். இந்த இரண்டு வீடும் உறவில்லை. முதலில் சதீசின் நாய்தான் அதால் வந்துகொண்டிருந்தது. சிவனேஸ்வரி அதற்குச் சோறு வைப்பா. பிறகு கிடுகு கொஞ்சம் விலகியது. பிறகு தடியொன்று கழன்றது. வேலி தானாக அப்படி விலகாது, ஐயா. தோள் பட்டுப் பட்டு விலகினால்தான் கிடுகின் ஓரம் மினுங்கும். இது மினுங்கிக்கொண்டிருந்தது.

நான் நேரே ஆளிடம் போகவில்லை. எச்சரிக்கை முதலில் கொடுக்க வேண்டும் என்பது என் கொள்கை. கிளச் வயரில் பன்றிச் சுருக்கு ஒன்று செய்து பொட்டு வாசலில் வைத்தேன். விடிய நாய் அதில் கிடந்தது. கழுத்தில் இல்லை, இடுப்பில் இறுகியிருந்தது. அதனால் நேரம் எடுத்திருக்கிறது; சுற்றவர மண் கிளறுண்டு கிடந்தது. அப்போதும் உயிர் இருந்தது. அலவாங்கின் மொட்டைப் பக்கத்தால் முடித்துவிட்டேன். நாயோடு எனக்கு ஒரு கோபமும் இல்லை. தோட்டத்துக்குப் பன்றி வருகிறதென்று வைத்தது என்று அவாவிடம் சொன்னேன். அவா நாயை மடியில் வைத்துக்கொண்டு, என்னை நிமிர்ந்து பார்க்காமல், "இனி என்ர வளவுக்கை ஒண்டும் வைக்காதேங்கோ" என்றா. வேறு சுருக்கு நான் வைக்கவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன்.

சதீசுக்கு அந்த எச்சரிக்கை விளங்கவில்லை. நாயைப் புதைக்க மண்வெட்டியோடு வந்தவன் முற்றத்தில் இருந்து தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனான். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் வந்தான். லாண்ட்மாஸ்டர் வைத்து வயல் உழுகிற பெடியன். நல்ல உழைப்பாளி, குடி இல்லை. நான் அவனைப்பற்றிப் பிழையாக ஒன்றும் எழுத மாட்டேன்.

ஆவணி வெயிலில் நான் பின்வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றபோது சிவனேஸ்வரி குசினிக்குள் இருந்து வந்தா. கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு நின்றா.

"அத்தான், நானும் சதீசும் கலியாண எழுத்து முடிப்பம் எண்டிருக்கிறம். உங்களுக்கு முதல் சொல்ல வேணுமெண்டு..."

"யோசிச்சுச் செய் பிள்ளை."

"யோசிச்சிட்டுத்தான் சொல்லுறன். கேக்கேல்லை அத்தான், சொல்லுறன்."

பின்னால் பொட்டுக்குள்ளால் தலையை நீட்டிக்கொண்டு அவன் சிரித்தான். "யோகண்ணை, இந்தத் தகரத்தைக் கழட்டிப்போட்டு ஒரு பெரிய வாசற் படலையாய்ப் போடுங்கோ. மேளக்காரர் உதுக்குள்ளால பூந்து வரேலாதெல்லோ."

அவாவும் சிரித்தா. நான் எப்போதும் சிரிப்பவன்தான், அன்றும் சிரித்தேன். தம்பி இருந்த முற்றத்துக்குள் மேளம் வரும் என்று யாராவது சொன்னால் ஒரு தமையன் எப்படி யோசிப்பான் என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. உங்களுக்கும் சகோதரங்கள் இருக்கும்.

பின்வேலியின் மேற்கு மூலையில் மரக்கட்டை உக்கிப்போயிருந்தது. அதை எடுத்துவிட்டுக் கொங்கிறீட் தூண் நிறுத்த வேண்டியிருந்தது. இது சாட்டு இல்லை, உண்மையான வேலை. மூலைத் தூணுக்கு இரண்டு பக்கத்து இழுவையும் வரும். அதனால் குழி மற்றக் குழிகளைவிட ஆழமும் அகலமுமாக இருக்க வேண்டும். நான் கொஞ்சம் கூடுதலாகவே அகட்டினேன்.

குழி வெட்டி முடித்த அன்று சிவனேஸ்வரி சாமான் வாங்கப் பரந்தன் சந்திக்கு வெளிக்கிட்டா. சதீஸ் காலையிலேயே வந்து அவாவின் தண்ணி மோட்டரைத் திருத்திக்கொண்டிருந்தவன், அவா போனதும் தன் வீட்டுக்குப் போகப் பொட்டடிக்கு வந்தான். அவன் போன் குசினித் தட்டில் கிடந்தது, மறந்துவிட்டான். நான் கூப்பிட்டேன்.

"தம்பி, ஒரு கை தந்திட்டுப் போ. அடி மண்ணை அள்ளினால் தூணை இறக்கலாம்."

வந்து குழியை எட்டிப் பார்த்தான். "இதென்ன அண்ணை, தூணுக்கோ கிணத்துக்கோ?" என்றான். அடியில் கிடக்கிற இளகின மண்ணை மண்வெட்டியால் அள்ள ஏலாது. படுத்துக் கையை விட்டுத் தேங்காய்ச் சிரட்டையால்தான் அள்ள வேண்டும். வேலி வேலை தெரிந்த எவனும் அப்படித்தான் செய்வான். அவனும் சேட்டைக் கழற்றிவிட்டுக் குழியோரத்தில் குப்புறப் படுத்தான். தலையும் ஒரு தோளும் உள்ளே போயின.

முதல் அடி தோள்மூட்டில் விழுந்தது. அலவாங்கு குத்துவதற்குச் செய்த ஆயுதம், அடிப்பதற்கு அல்ல. அது என் பிழை. அவன் உள்ளுக்குள் இருந்தபடியே, "அண்ணை, பாத்து, பாத்து" என்றான். அலவாங்கு என் கையால் வழுக்கிவிட்டது என்று நினைத்தான். நிமிர்ந்து எழும்பப் பார்த்தான். நான் காலால் அவன் முதுகை அமத்திப் பிடித்துக்கொண்டு, தூண் குழிக்குக் குத்துவது போல நேராகக் குத்தினேன். பின்கழுத்தில் ஒருமுறை இறங்கியது. மண்ணுக்குள் கல்லுப் பட்டால் அலவாங்கு கையில் அதிரும், அப்படி அதிர்ந்தது. பிறகும் அவன் கை சிரட்டையை விடாமல் மண்ணை விறாண்டியது. ஆகவே திரும்பவும் குத்தினேன், கை நிற்கும் வரைக்கும். காலை மடித்து உள்ளே இறக்கினேன். ஒரு பக்கத் தோள் சிக்கியது. அதை முறித்தேன். கழற்றி வைத்த சேட்டையும் உள்ளே போட்டேன். கல்லும் சீமெந்தும் ஏற்கெனவே குழைக்க ஆயத்தமாக இருந்தன. தூணை நிறுத்தி, தூக்குக்குண்டு பிடித்து, நேர் பார்த்துக் கொங்கிறீட் போட்டேன். நான் நாட்டின தூண்களில் இதைப்போல நிமிர்ந்து நிற்பது வேறில்லை.

அத்தோடு நான் வீட்டுக்குப் போயிருக்கலாம். போயிருந்தால் சிவனேஸ்வரி இன்று வெளியில் இருப்பா. ஆனால் திரும்பிப் பார்த்தபோது அந்தப் பொட்டு ஆவென்று கிடந்தது. இனி அது ஒருவருக்கும் தேவையில்லை. வேலி பழுதாய்க் கிடக்க விட்டுவிட்டு வர என்னால் ஏலாது. புதுக் கிடுகு வைத்தால் வெள்ளையாய்த் தெரியும், ஒட்டுப்போட்ட காற்சட்டை மாதிரி. அதனால் சதீசின் வளவுப் பின்கோடி வேலியில் இருந்து அதே அளவு வெயில் பட்டுக் கறுத்த கிடுகை உருவினேன். பழைய கயிற்றாலேயே கட்டினேன். கீழே சருகைக் கூட்டித் தள்ளினேன். நான்கு அடி தள்ளி நின்று பார்த்தேன். எனக்கே இடம் தெரியவில்லை.

பின்னேரம் அவன் தமக்கை தேடி வந்தா. அடுத்த நாள் நீங்கள் வந்தீர்கள். போன் சிவனேஸ்வரியின் குசினியில். கடைசியாக அவனைக் கண்டது அவா. "மத்தியானத்துக்கு முதல் வேலிப் பொட்டால வீட்டை போயிருப்பார்" என்று அவா சொன்னா. நீங்கள் போய்ப் பார்த்தீர்கள், பொட்டு இல்லை. காலம் காலமாய் அடைத்துக் கிடக்கிற கிடுகு. தமக்கையும் தான் அப்படி ஒரு வழியைக் கண்டதில்லை என்றா. அவா கிளிநொச்சியில் இருக்கிறவா, அவாவுக்கு எப்படித் தெரியும். அப்போதுதான் என்னைக் கூப்பிட்டுக் கேட்டீர்கள், தொழில் தெரிந்தவன் என்று. இந்த வேலியில் போய்வர வழி இருக்கிறதா என்றீர்கள், புதுத் தூணைப்பற்றி ஒன்றும் கேட்கவில்லை. இல்லை ஐயா என்றேன். நீங்கள் கேட்ட நேரத்தில் இல்லைதான். நான் பொய் சொல்லிப் பழகினவன் அல்ல.

அவாவைக் கொண்டுபோவீர்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எதிர்பார்த்திருந்தால் அந்த வேலியை அவ்வளவு திறமாய் அடைத்திருக்க மாட்டேன்.

போன கிழமை சாப்பாடு கட்டிக்கொண்டு மறியலுக்குப் போனேன். அவா மெலிந்திருந்தா. தலை வாரி இழுத்திருந்தா. கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்று என்னை நேராகப் பார்த்தா.

"அத்தான், அந்தப் பொட்டை ஆர் அடைச்சது?"

நான் சோற்றுப் பொதியை வலைப் பக்கம் நீட்டினேன்.

"பிறத்தியான்ர வேலியில ஆர் கை வைப்பான் எண்டு யோசிச்சுப் பாத்தன். அப்பிடி அடைக்கத் தெரிஞ்ச ஆள் ஆரெண்டும் யோசிச்சுப் பாத்தன்."

"பிள்ளை, உன்னை நான் வெளியில எடுப்பன். பயப்பிடாதை."

"வேண்டாம்" என்றா. குரல் கூட உயரவில்லை. "இஞ்ச எனக்கு நித்திரை வருது அத்தான். இஞ்ச வேலிக்கு அங்கால நிண்டு ஒருத்தரும் இருமுறேல்லை."

பொழுதுபட்டால் அந்த வளவை ஒருக்கால் சுற்றிப் பார்ப்பேன், ஐயா. எனக்குச் சுருட்டுப் பழக்கம் உண்டு, அதால் இருமல் வரும். காவல் நிற்கிற ஆளின் இருமல் கேட்டால் உள்ளே இருப்பவருக்குத் தைரியம் வரும் என்றுதான் நான் எண்ணியிருந்தேன். கொண்டுபோன சோற்றை அவா வாங்கவில்லை. அடைபட்டுக் கிடந்தால் மனம் அப்படித்தான் குழம்பும். சொந்த வீட்டில் வேண்டாம், மறியலில் நித்திரை வருகிறது என்று புத்தி தெளிந்த பெண் சொல்லுவாவா. பஸ்ஸில் வரும்போதே இதை எழுதுவதென்று முடிவெடுத்துவிட்டேன்.

நீங்கள் நம்புவதற்கு அத்தாட்சி வேண்டும். வேலிக்குரியவன் தன் காணிக்குள் நின்றுதான் கட்டுவான். அதனால் கயிற்று முடிச்செல்லாம் அவன் பக்கம் கிடக்கும். மேற்கு வேலி சதீசுடையது, முடிச்சு முழுக்க மேற்கே பார்க்கும். தண்ணி மோட்டருக்கு நேரே ஓரிடத்தில் மட்டும் முடிச்சுகள் கிழக்கே, சிவனேஸ்வரியின் முற்றத்தைப் பார்க்கும். அது நான் நின்ற பக்கம். அவசரத்தில் முறையை மறந்துவிட்டேன். இத்தனை காலத் தொழிலில் வேலிக்காரனாக நான் விட்ட பிழை அது ஒன்றுதான். மூலைத் தூணைக் கிண்டினால் மிச்சம் தெரியும். கம்பியை முதலில் தளர்த்திவிட்டுக் கிண்டச் சொல்லுங்கள். வெட்டினால் சுருண்டு வந்து முகத்தில் அடிக்கும்.

சதீசைக் கொன்றது நான். ஒருவரும் ஏவவில்லை, ஒருவரும் கூட நிற்கவில்லை. என்னை என்னவும் செய்யுங்கள். அவாவை மட்டும் ஜீப்பில் ஏற்றி, வேறெங்கும் இறக்காமல், நேரே வீட்டில் கொண்டுபோய் விடுங்கள். தன் தமக்கை வீடு, சிநேகிதி வீடு என்று கேட்பா, விட வேண்டாம். அவா இல்லாத இந்த நாட்களில் முன்னுக்கு இரும்பில் ஒரு படலை போட்டிருக்கிறேன். பூட்டுகிற கொண்டி வெளிப்பக்கம் இருக்கிறது. அவா உள்ளே போனதும், தயவுசெய்து மறக்காமல் அதைப் போட்டுவிட்டு வாருங்கள்.