காயவிடக் கூடாத தொட்டி

பழைய மீன்தொட்டி வாங்குகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது, தண்ணீரை இறக்காதீர்கள் என்பதுதான். எவர்சில்வர் சட்டம், கற்பலகை அடி, நான்கு பக்கமும் கண்ணாடி. இவற்றைப் பிடித்திருப்பது இடுக்கில் பூசிய தார். ஈரம் இருக்கும்வரை அது இளக்கமாக இருக்கும், காய்ந்தால் வெடித்துவிடும். எங்கள் மில்வாக்கி நகரத்தில் பழைய தொட்டி சேர்க்கிற எல்லோருக்கும் இது தெரியும். டெல்பர்ட் பாசெக்குக்கும் தெரியும். நானே மூன்று தடவை சொல்லியிருக்கிறேன்.

கொஞ்சம் நடந்துகொண்டே பேசுகிறேன், இன்ஸ்பெக்டர் ஐயா. உட்கார்ந்தால் கை பரபரக்கிறது.

என் வீட்டில் இருபத்தெட்டுத் தொட்டிகள். இருபத்தொன்பதாவதற்கு இடமில்லாமல், குளிர்காலம் முடியும்வரை என்று டெல்பர்ட்டின் நிலவறையில் வைத்தேன். முப்பது வருஷச் சிநேகிதன். அந்தச் சட்டத்தைத் தேய்த்துப் பளபளப்பாக்கவே எனக்கு ஒரு கோடை முழுவதும் பிடித்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் போன் செய்து தண்ணீர் இருக்கிறதா என்று கேட்பேன். "இருக்குடா, நீ போய்த் தூங்கு" என்பான்.

அந்த வெள்ளிக்கிழமை வழக்கம்போல மீன் வறுவல் சாப்பிட அவனை அழைக்கப் போனேன். நிலவறையில் பார்த்தால் தொட்டி நிறைய மணல். மணலில் கள்ளிச்செடி.

"எப்ப தண்ணிய இறக்கின?"

"ரெண்டு வாரம் ஆச்சு. மூஞ்சிய ஏன் அப்படி வச்சிருக்க? யாராவது செத்துட்டாங்களா?"

"தார் வெடிச்சிருக்கு, டெல்."

"போனா போவுது. ரெண்டு டியூப் சிலிக்கான் அடிச்சா முடிஞ்சுது. இப்படித் தொட்டியக் கட்டிக்கிட்டு அழுதா, உன் பொண்டாட்டி ஓடாம என்ன பண்ணுவா?"

எனக்கு ஆத்திரம்தான். அதை மறைக்கவில்லை. ஆனால் அவன்மேல் கை வைக்கவில்லை. செடியைப் பிடுங்கிவிட்டு மணலை அள்ள ஆரம்பித்தேன். அவனும் சிரித்துக்கொண்டே ஒரு வாளி மணலைத் தூக்கினான். தூக்கியவன் படிக்கட்டில் அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டான். ஏற்கெனவே நெஞ்சுவலிக்காரன்.

"வெர்ன்... மேல, கோட்டுப் பையில மாத்திரை..."

"இதோ" என்றேன். போகத்தான் நினைத்தேன்.

காய்ந்த தாரைக் காப்பாற்ற ஒரு வழிதான் உண்டு. வெதுவெதுப்பான தண்ணீரை விடாமல் ஊற்றி நிரப்ப வேண்டும். தார் இளகும், நீரின் பாரம் கண்ணாடியை அதில் அழுத்தி உட்காரவைக்கும். நடுவில் நிறுத்தினால் எல்லாம் ஆறிப்போகும். நிலவறைக் குழாயில் பச்சைத் தண்ணீர்தான் வரும், அதனால் மேலே சமையலறையிலிருந்து வாளியில் சுமந்தேன். ஒவ்வொரு தடவையும் அவனைத் தாண்டித்தான் போகவேண்டியிருந்தது. ஒருமுறை என் கணுக்காலைப் பிடித்துக்கொண்டான்.

"விடு டெல், தண்ணி ஆறிடும்" என்றேன். விட்டுவிட்டான்.

தொட்டி நிரம்பியதும் மாத்திரையைக் கொண்டுவந்து அவன் உள்ளங்கையில் வைத்தேன். விரல்கள் மடங்கவில்லை. நான்கு மூலையையும் தடவிப் பார்த்தேன், ஒரு சொட்டுக் கசிவு இல்லை. பிறகுதான் ஆம்புலன்சுக்குப் போன் செய்தேன்.

கோட்டு எங்கே இருந்தது என்று கேட்டீர்கள். சமையலறைக் கதவில். பதினோரு நடை நடந்தேன். முதல் மூன்று நடையிலும் அது என் தோளில் உரசியது, பைக்குள் மாத்திரைகள் குலுங்கின. கீழே அவன் செத்துக்கொண்டிருக்கிறான் என்று தெரிந்துதான் நடந்தேன். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் இதையும் எழுத வேண்டும். நான்காவது நடையில், தண்ணீர் தெறித்து அவன் மாத்திரை நனைந்துவிடப் போகிறதே என்று அந்தக் கோட்டை எடுத்துத் தள்ளி வேறு ஆணியில் மாட்டினேன். அக்கறை இல்லாதவன் அப்படிச் செய்வானா?