பாரிசுக்குப் போய்க் கேளுங்கோ

தவரத்தினம்: ...நாலு மாதம், பிள்ளை. பாரிசுக்கு ஆள் அனுப்பிற ஏஜென்சிக்காரன் பாங்கொக்கிலை பூட்டி வைச்ச அறை. பதினொரு சனம், ஒரே ஒரு ஜன்னல். அந்த ஜன்னலடியிலை வைச்சுத்தான் கொம்மாவைக் கேட்டனான், "பயமா இருக்கோ?" எண்டு.

தில்லைநாயகி: நான் என்ன சொன்னனான்?

தவரத்தினம்: "பயமில்லை, பசிக்குது" எண்டீர்.

தில்லைநாயகி: பின்னை என்ன? கீழை ரோட்டிலை ஒரு மனிசி மாம்பழம் வெட்டிச் சோத்தோடை விப்பா. வாசம் மேலை வரும். பொலிசுக்குப் பயத்திலை இறங்கேலாது.

தவரத்தினம்: அதுக்குப் பிறகு நான் இன்னொண்டு கேட்டனான்...

தில்லைநாயகி: தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ!

கஜனி: என்னப்பா கேட்டனீங்கள்?

தவரத்தினம்: ஒண்டுமில்லை. நீ வடையைச் சாப்பிடு.

கஜனி: சரி, கொம்பியூட்டரைத் திறக்கிறன். பாரிசிலை, ரூ காய்த் தெருவிலை, தேத்தண்ணிக் கடைக்குள்ளை இருந்து தாய்லாந்து விசா நிரப்பிற குடும்பம் நாங்கள் மட்டும்தான்... இந்தச் சிவப்புப் பெட்டி ஆரின்ரை? காலிலை இடிக்குது.

தவரத்தினம்: எங்கடை தான். பக்கத்துத் தெரு, ரூ பிலிப்-து-ஜிராரிலை மலிவாப் போட்டிருந்தாங்கள்.

கஜனி: விசாவே வரேல்லை, பெட்டி வாங்கியாச்சோ!

தவரத்தினம்: நிறம் கொம்மான்ரை தெரிவு. ரெண்டு நாளாத் திறந்து திறந்து பாக்கிறா.

தில்லைநாயகி: நீங்கள் மட்டும் என்னவாம்? காலமை அஞ்சு மணிக்கு எழும்பி, சியாங் மாயிலை மழையோ வெயிலோ எண்டு போனிலை பாக்கிற மனிசன்!

தவரத்தினம்: மழை. ஆனா நல்ல மழை.

கஜனி: அப்பா, உண்மையாச் சொல்லுங்கோ. அங்கை போய் இருக்க உங்கடை பென்சன் காணுமே?

தவரத்தினம்: இஞ்சை வீட்டு வாடகைக்கே அது காணாது. அங்கை வாடகை குடுத்து, சந்தையிலை மரக்கறி வாங்கி, ஞாயிற்றுக்கிழமை வெளியிலை சாப்பிட்டும் மிஞ்சும். சேந்தனைப் பார், என்னோடை கோப்பை கழுவினவன். அங்கை போய் ரெண்டு வருசம். ஓர் அறை, ஒரு குசினி, ஒரு பல்கணி. பல்கணிக்கு நேரை மலை.

தில்லைநாயகி: கறிவேப்பிலை வளருதாம், பிள்ளை! தொட்டியிலை! இஞ்சை நான் பதினாறு கண்டு வைச்சு, பதினாறும் குளிருக்குச் செத்துது.

கஜனி: ஊருக்குப் போகலாமே?

தில்லைநாயகி: ஊரிலை போய் இருந்தால் கிழமைக்கு மூண்டு கலியாணவீடு, நாலு செத்தவீடு. மொய் எழுதியே பென்சன் முடிஞ்சிடும்.

தவரத்தினம்: அதில்லை, பிள்ளை. நாலு மாதம் இருந்த நாடு. ஒரு தெருவிலை நடக்கேல்லை. ஜன்னலாலை பாத்ததோடை சரி. இந்த முறை கதவைத் திறந்து, படியாலை இறங்கி, அந்த மாம்பழச் சோத்தை வாங்கிச் சாப்பிட வேணும். ரெண்டு பேரும்.

கஜனி: ஐயோ, அப்பா... சரி, நிரப்புவம். நாளைக்கு முழுக்க எனக்கு வேலை, இண்டைக்கே அனுப்ப வேணும். ஒண்டு சொல்லுங்கோ. மற்ற வீடுகளிலை எல்லாம் பிள்ளையள்தான் பெத்தவையின்ரை பப்பியே, பத்திரமெல்லாம் நிரப்பிறவை. கஜனி மட்டும் தொடக்கூடாது. ஏன்?

தவரத்தினம்: உனக்குப் படிப்பு இருந்தது...

கஜனி: வரிப் பத்திரம், வாடகைப் பத்திரம் எல்லாத்தையும் அலுமாரிக்குள்ளை பூட்டி வைச்சனீங்கள்! இது இங்கிலீசிலை கிடக்கு எண்டபடியாத்தான் என்னட்டை வந்தனீங்கள்.

தில்லைநாயகி: இஞ்சை சண்டை பிடிக்காதை, பக்கத்து மேசை பாக்குது. நாங்கள் போனாப் பிறகு நீ தனிய இருக்கப் போறாய், அதை யோசி.

கஜனி: ஆர் தனிய? கிரிகோரியோடை ஒரு வீடு எடுக்கிறன் எண்டு ரெண்டு வருசமாக் கேக்கிறன்.

தில்லைநாயகி: தாலி கட்டாமல் ஒரு வீட்டிலை இருக்கிற கதை எங்கடை குடும்பத்திலை இல்லை!

கஜனி: அப்பா, என்ன இருமல்?

தவரத்தினம்: வடை... தொண்டையிலை...

தில்லைநாயகி: தண்ணியைக் குடியுங்கோ. என்னைப் பாக்காதேங்கோ.

கஜனி: பாஸ்போட், ரெண்டு. இருக்கு. படம். இருக்கு. பென்சன் கடிதம். இருக்கு. இப்ப கவனமாக் கேளுங்கோ. விசா அப்பாவின்ரை பென்சனிலை. அம்மா அப்பாவின்ரை மனிசியாக் கூடப் போறா. அதுக்குக் கலியாணப் பத்திரம் வேணும். எங்கை?

தவரத்தினம்: இன்னொரு தேத்தண்ணி சொல்லுவமோ?

கஜனி: பத்திரம், அப்பா.

தவரத்தினம்: அது... சண்டைக்குள்ளை எரிஞ்சு போச்சு.

தில்லைநாயகி: வெள்ளத்திலை போச்சு.

கஜனி: எரிஞ்சதோ, வெள்ளத்திலை போனதோ?

தவரத்தினம்: முதல் வெள்ளம்... பிறகு...

கஜனி: பறவாயில்லை, ஊரிலை கச்சேரிக் கந்தோரிலை பிரதி எடுக்கலாம். எந்த மாதம் கலியாணம்?

தவரத்தினம்: ஆவணி.

தில்லைநாயகி: தை.

கஜனி: ...ரெண்டு பேரும் ஒரே கலியாணத்துக்குத்தானே போனனீங்கள்?

தில்லைநாயகி: கனகாலம், பிள்ளை, மறந்து போச்சு.

கஜனி: வீட்டிலை எந்தக் கோப்பை ஆர் தந்தது எண்டு ஞாபகம் வைச்சிருக்கிற அம்மாவுக்குக் கலியாணம் மறந்து போச்சோ? பொறுங்கோ. எங்கடை வீட்டிலை கலியாண அல்பமும் இல்லை. நான் பெரியபிள்ளையான சாமத்தியவீட்டுக்கே நாலு அல்பம் கிடக்கு! அப்பா, முதல் சொன்ன கதை... ஊரிலை கலியாணம் கட்டி வந்த மனிசியைப் பாத்து, புது ஆளிட்டைக் கேக்கிற மாதிரி "பயமா இருக்கோ" எண்டு ஏன் கேட்டனீங்கள்?

தவரத்தினம்: நாயகி... சொல்லுவமோ?

தில்லைநாயகி: கடை முழுக்கச் சனம்...

தவரத்தினம்: பல்கணி, நாயகி. கறிவேப்பிலை.

தில்லைநாயகி: ...சொல்லுங்கோ. மெல்லமாச் சொல்லுங்கோ.

தவரத்தினம்: ஊரிலை கலியாணம் நடக்கேல்லை, பிள்ளை. கொம்மாவை நான் முதல் முதல் கண்டதே பாங்கொக்கிலை. ஏஜென்சிக்காரனிட்டை கள்ளப் பாஸ்போட் ரெண்டுதான் மிச்சம். ஒண்டு புருசன், மற்றது பெண்சாதி. "பாரிசிலை இறங்குமட்டும் நீங்கள் புருசன் பெண்சாதி, பிறகு அவையவை வழி" எண்டான்.

கஜனி: நோன்! அப்ப தாலி?

தில்லைநாயகி: அவன் சந்தையிலை வாங்கித் தந்த முலாம் பூசின தாலிக்கொடி. எயாப்போட் கக்கூசுக்கை நானே போட்டனான். கண்ணாடியிலை பாத்து.

கஜனி: இப்ப போட்டிருக்கிறது?

தில்லைநாயகி: உன்ரை முதலாவது பிறந்தநாளுக்குக் கொப்பா பவுணிலை வாங்கினவர். கட்டினவரோ? பெட்டியோடை மேசையிலை வைச்சிட்டு வேலைக்குப் போயிட்டார்!

தவரத்தினம்: பஸ்சுக்கு நேரம் போச்சு...

கஜனி: அலோர், அப்ப பாரிசிலை ஏன் கட்டேல்லை?

தவரத்தினம்: எயாப்போட்டிலை இருந்து கார் து நோர் ஸ்டேசனடிக்குக் கூட்டிப் போக வந்த சினேகிதன், இவவைக் கண்டிட்டு "வாங்கோ அண்ணி" எண்டிட்டான். குடும்பம் எண்டு சொல்லித்தான் அறையும் கிடைச்சது. நாளைக்கு உண்மையைச் சொல்லுவம், நாளைக்குச் சொல்லுவம் எண்டு...

தில்லைநாயகி: எட்டு மாதம் இவர் குசினியிலை படுத்தவர், பிள்ளை. சீமெந்து நிலத்திலை. ஒரு வார்த்தை பிழையாப் பேசேல்லை.

கஜனி: பிறகு?

தில்லைநாயகி: பிறகு மாரி வந்துது. குசினியிலை சரியான குளிர்...

கஜனி: போதும் அம்மா! மிச்சம் எனக்கு வேண்டாம்!

தவரத்தினம்: கோவமோ, பிள்ளை?

கஜனி: கோவமோ? பத்திரத்திலை தனித்தனி ஆக்கள், அதுக்குத்தான் அலுமாரிப் பூட்டு! தாலி கட்டாமல் முப்பது வருசம் ஒரு வீட்டிலை! என்னை ரெண்டு வருசமாப் படுத்தின பாடு!

தில்லைநாயகி: அதாலைதான் பிள்ளை... நீயும் என்னை மாதிரிக் காத்துக்கொண்டு இருக்கக் கூடாது எண்டு.

கஜனி: என்னத்துக்குக் காத்துக்கொண்டு இருந்தனீங்கள்?

தில்லைநாயகி: கொப்பாவைக் கேள். ஜன்னலடியிலை ஒண்டு கேட்டவர். "இஞ்சை வேண்டாம், பாரிசுக்குப் போய்க் கேளுங்கோ" எண்டனான். வந்து முப்பது வருசம். இண்டைக்குக் கேப்பார், நாளைக்குக் கேப்பார்... மனிசன் வாயே திறக்கேல்லை.

தவரத்தினம்: நீர் மாட்டன் எண்டு சொன்னால்? கையிலை பிள்ளையோடை, அதே அறைக்குள்ளை, பிறகு எப்பிடி முகம் பாக்கிறது? கேக்காமல் விட்டால் நீர் என்னோடை இருப்பீர். அது காணும் எண்டு நினைச்சிட்டன்.

தில்லைநாயகி: மடையன்.

கஜனி: அம்மா அழாதேங்கோ, சிரியுங்கோ! கேளுங்கோ, மெறியிலை, நகரசபைக் கந்தோரிலை, எழுதிப் பதியலாம். அவங்கள் தாற பத்திரத்தை அப்பிடியே விசாவுக்கு அனுப்பலாம். சாட்சி ரெண்டு பேர் வேணும். ஒண்டு நான். மற்றது கிரிகோரி.

தில்லைநாயகி: அவனோ!

கஜனி: உங்களுக்கு இனி அதிலை பேச உரிமை இல்லை.

தில்லைநாயகி: ...சரி. கோட்டுப் போட்டுக்கொண்டு வரச் சொல்லு.

கஜனி: சே பா வ்றே, நம்பேலாமக் கிடக்கு! அம்மா ஓம் எண்டிட்டா! அப்பா, இப்ப ஒரே ஒரு வேலைதான் மிச்சம்.

தவரத்தினம்: இஞ்சையோ? தேத்தண்ணிக் கடையிலையோ?

தில்லைநாயகி: பாரிசு தானே இது.

தவரத்தினம்: சனம் பாக்குது...

கஜனி: பாக்கட்டும்! கடைக்கார அண்ணை, அந்த ரேடியோப் பாட்டை ஒருக்கா நிப்பாட்டுங்கோ! ம்... கேளுங்கோ அப்பா.

தவரத்தினம்: நாயகி... அந்தக் கள்ளப் பாஸ்போட்டிலை எழுதிக் கிடந்ததை உண்மையாக்குவமோ? என்னைக் கலியாணம் கட்டுறீரோ?