கோமதித்தாய் பாஸ்

ஹெட்மாஸ்டர்: கதவைச் சாத்திட்டு உக்காரும்வே, குருநாதன். அந்தப் பிள்ளையோட அம்மா இன்னும் வெளியதான் இருக்காவளா?

குருநாதன்: இருக்காவ சார். சைக்கிள் ஸ்டாண்டு பக்கம். மவ மார்க்கை வாங்காம புளியங்குடி பஸ் ஏற மாட்டாவளாம்.

ஹெட்மாஸ்டர்: செத்துப்போன பிள்ளைக்கு என்ன மார்க்குன்னு நீரு சொல்லலியா?

குருநாதன்: ரிசல்ட் போட்ட நியூஸ் பேப்பர்ல அவ நம்பர் வந்திருக்குன்னு யாரோ சொல்லியிருக்காவ...

ஹெட்மாஸ்டர்: வந்திருக்குவே. இந்தா, பாரும். மெட்ராஸ்ல கம்ப்யூட்டர் அடிச்ச தாள். கோமதித்தாய், பாஸ்.

குருநாதன்: பாஸா? அது எப்படி சார்?

ஹெட்மாஸ்டர்: அதத்தான்வே நானும் கேக்குதேன். பரீட்சைக்கு முந்தின வாரம் மஞ்சக்காமாலையில போனா. சங்கரன்கோவில் ஆஸ்பத்திரியில இருந்து கொண்டுபோறப்ப நாம ரெண்டு பேரும் கூடப் போனோம்.

குருநாதன்: மிஷின் குழப்பியிருக்கும் சார். புதுசுலா. இந்த வருசம்தான...

ஹெட்மாஸ்டர்: நானும் அப்படிச் சொல்லித்தான் மனசைத் தேத்திப் பாத்தேன். தமிழ்ல எழுவத்தொண்ணு. கணக்குல முப்பத்தஞ்சு.

குருநாதன்: கணக்கு அவளுக்கு எப்பவும் தட்டுத்தடுமாறித்தான்...

ஹெட்மாஸ்டர்: சிரிக்காதேயும். வராத பிள்ளைக்கு ஆப்சென்ட்னுதான அடிக்கணும்? ஹால்ல நின்னது நீரு. ஆள் பத்தலைன்னு உம்மை நிறுத்தினது நான். வேற பிள்ளைய எழுத விட்டீரா? சொல்லிரும். உம்ம வேலைக்கே உலை வச்சிரும்வே இது.

குருநாதன்: யாரையும் விடல சார். அந்த பெஞ்சு காலியாத்தான் கெடந்துது.

ஹெட்மாஸ்டர்: பொறவு?

குருநாதன்: ஆப்சென்ட்னு எழுத மனசு வரல...

ஹெட்மாஸ்டர்: என்னவே சொல்லுதீரு?

குருநாதன்: மூணு வருசமா என் கிளாஸ்ல இருந்த பிள்ளை சார். ஒவ்வொரு பரீட்சைக்கும் அவ இடத்துல கேள்வித்தாளும் வெத்துப் பேப்பரும் வச்சேன். நம்பரை மட்டும் நான் எழுதினேன். மணி அடிச்சதும் மத்த பேப்பரோட சேத்துக் கட்டி உங்ககிட்ட தந்தேன்.

ஹெட்மாஸ்டர்: வெத்துப் பேப்பரா?

குருநாதன்: கோமதியம்மன் மேல சத்தியமா சார். ஒரு எழுத்து கிடையாது. முட்டை வாங்கி ஃபெயில்னு வரட்டும். வரலைன்னு மட்டும் வரக்கூடாதுன்னு...

ஹெட்மாஸ்டர்: நேத்து மெட்ராஸ் பரீட்சை ஆபீசுக்கு ட்ரங்க் கால் போட்டேன். அங்க உள்ள கிளார்க்கு கட்டைப் பிரிச்சுப் பாத்துட்டுச் சொல்லுதான். பக்கம் பக்கமா எழுதியிருக்காம்.

குருநாதன்: சார்...

ஹெட்மாஸ்டர்: எழுத்து எப்படி இருக்குன்னு கேட்டேன். இடது பக்கமா சாஞ்சிருக்கு, கைபட்டு மையெல்லாம் இழுவியிருக்குன்னான்.

குருநாதன்: அவ... இடதுகையாலதான எழுதுவா.

ஹெட்மாஸ்டர்: ஆமா.

குருநாதன்: கட்டு உங்க ரூம்லதான பூட்டிக் கெடந்துது? தபாலுக்குப் போற வரைக்கும் சாவி உங்ககிட்டதான...

ஹெட்மாஸ்டர்: அந்தம்மாவை உள்ள கூப்பிடும். தாளைக் குடுத்துருவோம். யாரு கேட்டாலும் நான் பதில் சொல்லிக்கிடுதேன்.

குருநாதன்: சார், சாவி...

ஹெட்மாஸ்டர்: எங்கிட்டதான் இருந்துது. ஒவ்வொரு பரீட்சை முடிஞ்ச பொறவும் பூட்டின ரூமுக்குள்ள பேனா ஓடுத சத்தம் கேட்டுதுவே. அவ எழுதி முடிக்கட்டும்னு, தபாலுக்கு எடுத்துட்டுப் போக வந்தவனை வாசல்லயே நிறுத்தி வச்சேன்.