உறை பிரிக்காத நாற்பது கண்ணாடிகள்

அந்த டம்ளரை மேஜை விளிம்பில் வைத்திருக்கிறீர்கள், ஐயா. கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். திரும்பும்போது முழங்கை பட்டால் உங்கள் காகிதமெல்லாம் நனைந்துவிடும். தப்பாக நினைக்காதீர்கள். இருபத்தாறு வருஷம் பள்ளிக்கூடத்து வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளராக இருந்தவளுக்குக் கண் அங்கேதான் போகும்.

பிள்ளைகள் எனக்கு வைத்த பெயர் ஜாக்கிரதை அக்கா. ஐம்பத்தெட்டு வயசிலும் அக்காதான், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. நான் வராந்தாவில் வந்தாலே, "ஜாக்கிரதை அக்கா வருது, தும்மாதடா, அதுக்கும் மனு எழுதிடும்" என்று ஒருத்தன் சொல்வான், மற்றவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். மனு எழுதியது உண்மைதானே.

எதற்கு மனு என்றால், ஆய்வகத்து மூலையில் கண் கழுவுகிற குழாய் ஒன்று இருக்கிறது. அமிலம் தெறித்தால் உடனே முகத்தைக் காட்டிக் கழுவுவதற்கு. ஒழுகுகிறது என்று நாலு வருஷத்துக்கு முன்னால் அடைத்தார்கள், அப்புறம் திறக்கவே இல்லை. அடுத்தது பாதுகாப்புக் கண்ணாடி. நாற்பது கண்ணாடி வாங்கி, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் தலைமையாசிரியை அறை அலமாரியில் பூட்டி வைத்திருந்தார்கள். மேலிடத்திலிருந்து பார்வையிட வருகிற அன்றைக்கு மட்டும் அது வெளியே வரும். பிள்ளைகள் போட்டுக்கொண்டு வரிசையாக நிற்பார்கள். வந்தவர்களின் கார் வாசலைத் தாண்டியதும் நானே எல்லாவற்றையும் துடைத்து, பழையபடி உறையில் போட்டுக் கொடுக்க வேண்டும்.

தலைமையாசிரியையிடம் கேட்டுப் பார்த்தேன். தினம் போட்டால் கீறல் விழுந்துவிடும், அப்புறம் அடுத்த முறை வருகிறவர்களுக்கு எதைக் காட்டுவது என்றார் அந்த அம்மா. அதட்டவெல்லாம் இல்லை. நல்ல மனுஷிதான். வேதியியல் சாரிடம் போனேன். அவருக்கு எதிலும் ஒரு கிண்டல். "உங்க பயத்தையும் ஒரு பாட்டில்ல ஊத்தி லேபிள் ஒட்டி வைங்கக்கா, கெடாம இருக்கும்" என்றார்.

கோபம் என்று எழுதாதீர்கள். அலுப்பு. ஒரே பேச்சை இருபத்தாறு வருஷம் பேசினால் நாக்கு மரத்துப்போகிறது. ஒரு நாள் சாப்பிடும்போது வீட்டுக்காரரிடம் புலம்பினேன். அவர் தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே, "யாருக்காவது ஒண்ணு ஆனாதான் அவங்களுக்கு உறைக்கும். நீ சாப்பிடு" என்றார். சொன்னது அவருக்கு ஞாபகம்கூட இருக்காது. அவரை இதில் இழுக்க வேண்டாம்.

எனக்கு அது நியாயமாகப் பட்டது. என்றைக்காவது நடக்கத்தான் போகிறது. நான் லீவில் இருக்கிற நாளில், பெரிதாக, நாலைந்து பேருக்கு நடப்பதைவிட, நான் பக்கத்தில் இருக்கும்போது சின்னதாக ஒருத்தருக்கு நடந்துவிட்டால் தேவலை இல்லையா?

யாருக்கு என்பதில்தான் ஒரு வாரம் யோசித்தேன். சேட்டைக்காரப் பையன்கள் இருக்கிறார்கள். ஆனால் அவர்களுக்கு ஒன்று ஆனால், கையை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்க மாட்டான் என்பார்கள். பழியை அவன் தலையில் கட்டிவிட்டு அலமாரியைப் பூட்டியேதான் வைத்திருப்பார்கள். ஆகவே யாரும் குறை சொல்ல முடியாத பிள்ளையாக இருக்க வேண்டும். கடைசி மேஜையில் ஒரு பெண் நிற்பாள். தலைமுடியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வருவாள். லேபிளை இரண்டு தரம் படிப்பாள். சோதனைக் குழாயின் வாயை ஒரு நாளும் அடுத்தவர் பக்கம் திருப்ப மாட்டாள். இத்தனை வருஷத்தில் நான் சொன்னதை ஒன்று விடாமல் கேட்ட ஒரே பிள்ளை அவள்தான். அவளை விட்டால் எனக்கு வேறு யார் இருந்தார்கள்?

வியாழக்கிழமை காலை, பிள்ளைகள் வருவதற்கு முன்னால், அவள் மேஜையில் இருந்த நீர்த்த அமிலத்தை எடுத்துவிட்டு, அதே லேபிள் ஒட்டிய இன்னொரு பாட்டிலை வைத்தேன். அதில் இருந்தது தண்ணீர் கலக்காத அடர் அமிலம். நீர்த்தது என்றால் சோதனைக் குழாயில் குமிழி வரும், அவ்வளவுதான். இது ஈரத்தில் விழுந்தால் கொதித்துத் தெறிக்கும். கையில் இரண்டு சொட்டுப் படும், சமையலில் எண்ணெய் தெறிப்பதுபோல என்று நினைத்தேன். ஒரு வாளித் தண்ணீரும் சுத்தமான துண்டு ஒன்றும் பக்கத்தில் வைத்தேன். மற்ற நாளில் இல்லாத வாளி அன்றைக்கு எப்படி வந்தது என்று ஆய்வகத்துக்கு வந்தபோது கேட்டீர்களே, அது இப்படித்தான் வந்தது.

கையில் படவில்லை. குமிழி வருகிறதா என்று குனிந்து பார்த்தாள், வலது கண்ணில் பட்டது. நான்தான் வாளியிலிருந்து மொண்டு மொண்டு ஊற்றினேன். தேய்க்கக் கூடாது என்று நான் சொல்லிக்கொடுத்தபடியே, கை இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். விடாமல் ஓடுகிற தண்ணீர் இருந்திருந்தால் கொஞ்சம் பார்வையாவது மிஞ்சியிருக்கும் என்று டாக்டர் சொன்னாராம். நான் மனுவில் எழுதியதும் அதுதான்.

மறுநாளே அலமாரியைத் திறந்தார்கள். குழாய்க்காரர் வந்து கண் குழாயைச் சரிசெய்தார், அரை மணி நேர வேலை. வகுப்பு முழுக்கக் கண்ணாடி போட்டுக்கொண்டு நின்றதைப் பார்த்தபோது, மறைப்பானேன், எனக்கு மனசு நிறைந்திருந்தது.

நான் பேசாமல் இருந்திருப்பேன். பள்ளிக்கூடம் எழுதிய அறிக்கையைப் பார்த்த பிறகுதான் இங்கே ஸ்டேஷனுக்கு வந்தேன். மாணவியின் கவனக்குறைவாம். லேபிளைப் பார்க்காமல் வேறு பாட்டிலை எடுத்து ஊற்றிவிட்டாளாம். அவள் அம்மா ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, நீங்கள் எத்தனையோ சொல்லியும் இவள் கேட்கவில்லையே என்று அழுதார். கட்டுப் போட்ட கண்ணோடு அந்தப் பிள்ளை, "நான் பாத்தேம்மா" என்றாள். யாரும் காதில் வாங்கவில்லை. அது சரியில்லை, ஐயா. அவள் பேரில் ஒரு குற்றமும் இல்லை என்பதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள்.

லேபிளை மட்டும் பார்த்துவிட்டு அவள் ஊற்றவில்லை. பாட்டிலைத் தூக்கியதுமே சந்தேகம் வந்து, அதை என்னிடம் கொண்டுவந்தாள்.

"அக்கா, இது நீர்த்ததுதானே? ஒரு மாதிரி கனமா இருக்கு."

வாங்கிப் பார்த்தேன். நன்றாகத்தான் பார்த்தேன்.

"நானே கலந்ததும்மா. பயப்படாம ஊத்து."

சரிக்கா என்று போனாள்.

கையெழுத்து எங்கே என்று காட்டுங்கள், போட்டுவிடுகிறேன். முடிந்தால் சாயந்தரத்துக்குள் என்னை அனுப்பிவிடுங்கள். நாளைக்குச் சின்ன வகுப்புக்கு முதல் செய்முறை. நான் இல்லாவிட்டால் அந்தப் பிள்ளைகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ள அங்கே ஆள் கிடையாது.