கடிவாளம்

மொன்றியலில் நல்ல தேத்தண்ணீர் கிடைக்காது என்பார்கள். நீங்கள் தந்தது நன்றாகவே இருந்தது. கேட்டதற்கு ஒழுங்காகப் பதில் சொல்கிறேன்.

ஊரில் போராளி இயக்கம் வடக்கு, கிழக்கு என்று இரண்டாக உடைந்து, தமிழரைத் தமிழர் தேடிச் சுட்ட காலம். கிழக்கே மட்டக்களப்பாரான நானும் தம்பி சாம்பவனும் அப்போது வடக்கில் ஓர் அரிசி ஆலையில் வேலை செய்தோம். கிழக்கு ஆட்களைத் தேடி இருபது மோட்டார் சைக்கிள்கள் வந்தன. தங்களைக் குதிரைப்படை என்று சொல்லிக்கொண்டார்கள். தலைவன் முகத்தில் துணி கட்டியிருந்தான். சந்தியில் கையை உயர்த்தி, "கடிவாளத்தை இழுங்கோடா" என்றான். இருபதும் நின்றன.

அவன் யாரையும் சுடவில்லை. முன்னால் வந்து ஆட்களைப் பிரிப்பதுதான் தலைவனின் வேலை. சுடுவது பின்னால் வருபவர்களுக்கு. பிரிப்பதற்கு அவனுக்கு ஒரு சொல் போதும். பிறகு என்பதற்கு வடக்கில் 'பேந்து' என்பார்கள், நாங்கள் 'மறுகா' என்போம். அன்று காலை முழுவதும் தம்பியைப் 'பேந்து' சொல்லப் பழக்கியிருந்தேன்.

"எங்கையடா போறாய்?"

"மில்லுக்கு."

"மில்லுக்குப் போய்?"

"மறுகா வீட்ட போவன்."

"இன்னொருக்கால் சொல்லு."

பயத்தில் அதையே சொன்னான். தலைவன் ஒரு விரலை அசைத்தான். பிடரியில் சுட்டார்கள். தம்பியின் பற்கள் இரண்டு என் செருப்பருகே விழுந்தன. அடுத்து என்னைக் கேட்டான். "பேந்து வீட்ட போவன்" என்றேன். விட்டுவிட்டான்.

நான்கு வருடம் கழித்து, இங்கே டோர்வலில் விமானங்களுக்குச் சாப்பாடு ஏற்றும் இடத்தில் வேலை கிடைத்தது. அங்கே மேற்பார்வையாளர் அருமைராசா அண்ணை. முதல் நாளே தன்னுடைய பழைய குளிர்ச்சட்டையை எனக்குத் தந்தார். மூன்றாம் நாள், சாப்பாட்டு வண்டில்களை வரிசையாகத் தள்ளி வந்தோம். அவர் முன்னால் நின்று கையை உயர்த்தினார்.

"கடிவாளத்தை இழுங்கோடா."

எல்லோரும் சிரித்தார்கள். நான் அருகில் போனேன்.

"என்ன அண்ணை சொன்னீங்க? இன்னொருக்கால் சொல்லுங்க."

"கடிவாளத்தை இழு எண்டனான். நான் பழைய குதிரைக்காரனடா தம்பி."

"எங்க?"

"அது பெரிய கதை. பேந்து சொல்லுறன்."

அந்தப் பேந்து வரும்வரை நான் காத்திருக்கவில்லை. கதவுக்கு முட்டுக்கொடுக்கும் இரும்புக் கம்பி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. முதல் அடியில் முழங்காலில் விழுந்தார். இரண்டாவதில் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். ஆறாவதுக்குப் பிறகு எண்ணவில்லை. மற்றவர்கள் பிடித்தபோது கம்பியைத் துடைத்து அதன் இடத்தில் வைத்துக்கொண்டிருந்தேன்.

அவருடைய மனைவி அல்போன்சம்மா பொலிசுக்குக் கொண்டுவந்த படத்தைக் காட்டினீர்கள். பழைய மொன்றியலில், சுற்றுலாக்காரரை ஏற்றும் குதிரை வண்டியில் அவர் உட்கார்ந்திருக்கிறார். கையில் கடிவாளம். கனடாவுக்கு வந்து இருபத்திரண்டு வருடமாம், ஒருமுறையும் ஊருக்குப் போகவில்லையாம். இருக்கலாம்.

ஒரு சொல்லை வைத்தா ஒருவரைக் கொன்றாய் என்று கேட்கிறீர்கள். அப்படிச் செய்ய நான் என்ன குதிரைப்படைத் தலைவனா? நான் அவரை இன்னொருக்கால் சொல்லச் சொன்னேன்.