செவ்வாய்க்கிழமை, வெறும் வயிற்றோடு

மேடையில் இருக்கும் பெரிய டாக்டர்களுக்கும், நர்ஸ் அக்காக்களுக்கும், என்னைப் போல வயிற்றைப் பிடித்துக்கொண்டு இந்தத் திருப்பதி ஆஸ்பத்திரிக்கு வந்து பழகிய பிள்ளைகளுக்கும், அவர்களைப் பெற்றவர்களுக்கும் என் வணக்கம்.

நான் ரோஜா. நகரியிலிருந்து வருகிறேன். அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவேன், அவர் விசைத்தறி ஓட்டுகிறார். பாடம் நடக்கும்போது அடிக்கடி வெளியே போகக் கேட்க வெட்கப்பட்டு, ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டேன். நர்ஸ் ஜமீலா அக்கா சொன்னதால்தான் இங்கே நிற்கிறேன்.

நம் டாக்டர் ஸ்வர்ணலதா அம்மா போன வாரம் மாரடைப்பில் போய்விட்டார். அவரை எப்படிப் புகழ்வது? எத்தனையோ பிள்ளைகளைக் குணமாக்கினார் என்று முன்னால் பேசியவர்கள் சொன்னார்கள். உண்மைதான். ஆனால் என் வலி இன்னும் முழுசாகப் போகவில்லையே! குணமாக்காத ஒருவருக்காக நான் ஏன் இப்படி அழுகிறேன்? எனக்கே புரியவில்லை.

அம்மா இளம் டாக்டர்களுக்கு வைத்தியத்தோடு ஆராய்ச்சியும் கற்றுக்கொடுத்தார். மருந்து எழுத ஆள் இருக்கிறார்கள், பிள்ளைகளின் வயிறு ஏன் இப்படி ஆகிறது என்று தேடத்தான் ஆள் இல்லை என்பார். அப்படிக் கற்றுக்கொள்ள வந்தவர்தான் முன்வரிசையில் இருக்கும் சுதீர் சார்.

எனக்குக் கோதுமை ஒத்துக்கொள்ளாது என்று அம்மா கண்டுபிடித்திருந்தார். வீட்டில் சப்பாத்தி, உப்புமா எல்லாம் நின்றுபோனது. ஆனாலும் ரத்தப் பரிசோதனை சரியாக வரவில்லை. என்ன சாப்பிட்டாள் என்று சுதீர் சார் ஒவ்வொரு முறையும் கேட்பார். அரிசிச் சோறுதான் என்று என் அம்மா சொல்வாள். ஒருநாள் சாருக்குக் கோபம் வந்து, மறைக்கிறீர்கள் என்றுவிட்டார். என் அம்மா அழுதுவிட்டாள்.

டாக்டர் அம்மா அவரை எங்கள் முன்னாலேயே நிறுத்திச் சொன்னார்: "அவங்க பொய் சொல்லல சுதீர். நீ கேட்ட விதம் சரியில்ல. அவங்க வீட்டுக்குப் போய் ஒரு நாள் இரு. அவ சாப்பிடறத மட்டும் நீயும் சாப்பிடு."

அது புரட்டாசிச் சனிக்கிழமை. தறிச் சத்தத்தில் ஒருவர் பேச்சு ஒருவருக்குக் கேட்காத வீட்டில், சார் என் பக்கத்தில் உட்கார்ந்து ரசச் சோறு சாப்பிட்டார். சாயங்காலம் எல்லோரும் பெருமாள் கோயிலுக்குப் போனோம். அர்ச்சகர் என் கையிலும் சார் கையிலும் கேசரி வைத்தார். நான் வாயில் போட்டுக்கொண்டேன். சார் திடுக்கிட்டு, இது கோதுமை ரவைதானே என்று கேட்டார்.

என் அம்மா சொன்னாள்: "இன்னா சார், சாமி குடுத்தத போய் துன்றதுல சேத்துக்கினு? பிரசாதம் வயித்த இன்னா பண்ணும்?"

சார் அன்றைக்குக் கோபப்படவில்லை. கையிலிருந்த கேசரியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சாப்பிட்டார்.

பிரசாதத்தை வேண்டாம் என்று சொல் என டாக்டர் அம்மா எங்களிடம் சொல்லவில்லை. அவரே நகரிக்கு வந்து அர்ச்சகரிடம் பேசினார். இப்போது சனிக்கிழமை அங்கே அரிசிப் பொங்கல்தான். இங்கே படிக்க வரும் டாக்டர்கள் எல்லாம் சாப்பாட்டை ஒரு கேள்வியாகவும், பிரசாதத்தைத் தனிக் கேள்வியாகவும் கேட்கிறார்கள். அவர்கள் எல்லோரும் யாராவது ஒரு பிள்ளையின் வீட்டில் ஒரு நாள் சாப்பிட்டவர்கள்.

அதன்பிறகு என் வலி குறைந்தது. போகவில்லை. இனியாவது முழுசாகக் குணமாகுமா என்று நைனா கேட்டார். சுதீர் சார் என்னென்னவோ சொல்ல ஆரம்பித்தார். தெரியாததைத் தெரியாது என்று சொல்லச் சொன்னார் டாக்டர் அம்மா. சார் தலையைக் குனிந்துகொண்டு, "தெலீது" என்று தெலுங்கிலேயே சொன்னார். தறியை நிறுத்திவிட்டு வந்தது இதைக் கேட்கவா என்று நைனா கத்தினார். அம்மா அமைதியாக, "இன்னைக்குத் தெரியலன்னு சொன்னாத்தான் இவன் நாளைக்குத் தேடுவான்" என்றார்.

அப்படித்தான் செவ்வாய்க்கிழமைப் பரிசோதனை ஆரம்பமானது. வெறும் வயிற்றோடு வந்து, ஒரு பானத்தைக் குடித்துவிட்டு, பையில் மூச்சை ஊதித் தரவேண்டும். நான் ஊதுவேன். சார் பையைப் பிடிப்பார். உள்ளே இருக்கும் கோளாறு மூச்சில் தெரியுமா என்று தேடினார்கள். இன்னும் தேடி முடிக்கவில்லை.

இப்போது சுதீர் சார் பெங்களூரு ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போகிறார் என்கிறார்கள். அவரும் பிழைக்கவேண்டாமா என்று ஜமீலா அக்கா கேட்கிறார். பிழைக்கத்தான் வேண்டும். அது தப்பா? எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தேடியவர் போய்விட்டார், கற்றுக்கொண்டவரும் போனால் தேடல் யாருடையது?

அம்மாவின் பணியைத் தொடர்வோம் என்று எல்லோரும் உறுதி சொன்னீர்கள். நான் என்ன உறுதி சொல்லமுடியும்? என்னால் முடிந்தது வருவதுதான். வருவேன்.

இன்று செவ்வாய்க்கிழமை. பரிசோதனைக்கு யாரும் எங்களை வரச் சொல்லவில்லை, வரவேண்டாம் என்றும் சொல்லவில்லை. சாப்பிட்டுவிட்டு வருவதா, சாப்பிடாமல் வருவதா? காலையில் என் அம்மாவும் நானும் அடுப்படியில் விழித்துக்கொண்டு நின்றோம். கடைசியில் சாப்பிடாமலே பஸ் ஏறினேன்.

சுதீர் சார், கூட்டம் முடிந்ததும் பரிசோதனை அறை வாசலில் உட்கார்ந்திருப்பேன். இனிமேல் அந்தப் பையைப் பிடிக்க யார் வருவார்கள் என்று வந்து சொல்லுங்கள். தெரியாவிட்டால், அம்மா சொல்லிக்கொடுத்தபடி, தெரியாது என்றே சொல்லுங்கள்.

அதைக் கேட்ட பிறகு சாப்பிடுகிறேன்.