ஆயிரத்து எண்ணூறு பூட்டிய வீடுகள்

மண்டலத் திட்ட அலுவலகத்தின் தலைவியே! எழுபது ஊர்களின் சந்துபொந்துகளையும் கால்நடையாகவே அறிந்தவரே! முப்பத்திரண்டு ஆண்டுகள் எங்களை முன்னின்று நடத்தியவரே! விடைபெறும் இந்நாளில் உங்களை எப்படிப் போற்றுவது என்று தெரியாமல் விழிக்கிறோம். பேச்சுக்குச் சொல்லவில்லை, உண்மையிலேயே தெரியவில்லை.

இந்த மடல் மூன்று வாரங்களுக்கு முன்பே தயார். “மண்டலப் பொருளாதார வளர்ச்சித் திட்டத்தை முடித்துத் தந்த மாமணியே” என்று தட்டச்சர் அக்கா அழகாக அடித்தும் வைத்திருந்தார். நீங்களோ அந்தத் திட்டத்தையே நிறுத்திவிட்டீர்கள்! அந்த வரியை நீக்கிவிட்டோம். அங்கே வேறு எதை எழுதுவது?

கிழக்குப் பகுதியில் பிழைப்பில்லாமல் மக்கள் ஊரைவிட்டுப் போகிறார்கள், ஆயிரத்து எண்ணூறு வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன என்றது எங்கள் கணக்கெடுப்பு. போகிறவர்களை நிறுத்திவைக்க, முந்நூறு ஏக்கர் காய்கறி நிலத்தில் ஒரு பெரிய ஆலை என்றது எங்கள் திட்டம். இரண்டு வருட உழைப்பு அது. உங்கள் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

நீங்கள் பேனாவை மூடி வைத்துவிட்டு பஸ் ஏறினீர்கள். மாலை ஆறரைக்குப் போய் இறங்கினால், வீட்டுக்கு வீடு விளக்கு, குழாயடியில் தள்ளுமுள்ளு! மறுநாள் கணக்கெடுப்பாளர் நால்வரையும் அழைத்தீர்கள்.

“எத்தனை மணிக்குப்பா போனீங்க?”

“ஆபீஸ் நேரத்துலதான் மேடம். பத்து மணிக்குப் போய் அஞ்சுக்குத் திரும்பிட்டோம்.”

“அந்த ஜனங்க விடிஞ்சதும் படகு ஏறி, அக்கரையில பழப்பெட்டி கட்டுற வேலைக்குப் போயிடுறாங்க. வேலைக்குப் போறவங்க வீட்டைத் திறந்து போட்டுட்டா போவாங்க?”

நால்வரில் மூத்தவர் தலையைச் சொறிந்தார். “பூட்டியிருந்த வீட்டுக்கெல்லாம் ‘குடிபெயர்ந்தனர்’னு போட்டுட்டோம் மேடம்.”

“அடப்பாவிங்களா! உட்கார்ந்த இடத்துலேயே ஊரைக் காலி பண்ணிட்டீங்களே!”

சிரித்தவர் நீங்கள் மட்டும்தான். அந்த ஊருக்குக் குறை வேலை அல்ல. வேலைக்குப் போய்வர ஒரு பாலம். ஆலை வந்தால் விளைகிற நிலமும் போகும், அக்கரைக்கு ஆளும் கிடைக்காது. இது புரிந்த பிறகும் எங்களுக்கு மனம் வரவில்லை. நாளை உங்கள் நாற்காலியில் அமரப்போகும் துணை இயக்குநர் கெஞ்சியே பார்த்தார்.

“மேடம், முதல் பக்கத்துல உங்க பேரு வருது. கையெழுத்தைப் போட்டுட்டு நிம்மதியா வீட்டுக்குப் போங்க. அப்புறமா நாங்க திருத்திக்கிறோம்.”

“நிலத்தை எடுத்துட்டு, ‘தெரியாம நடந்துபோச்சு, இந்தாங்க’ன்னு திருப்பிக் குடுப்பீங்களா தம்பி?”

முப்பத்திரண்டு ஆண்டுகளில் உங்கள் பெயர் தாங்கி வரவிருந்த ஒரே திட்டம்; அதை உங்கள் கையாலேயே ஓரம் வைத்தீர்கள். இதைச் சாதனை என்பதா, எங்கள் தலையில் இறக்கிய பாரம் என்பதா? நேற்றுவரை அறைக்கு அறை சண்டை. பாதிப்பேர் உங்களைத் திட்டினோம். திட்டியவர்களே இந்த விழாவுக்கு முதலில் பெயர் கொடுத்தோம். இது என்ன மனசு என்று எங்களுக்கே புரியவில்லை!

ஆனாலும் அம்மா, உங்களுக்குப் பின் யாராவது அதில் கையெழுத்திட்டுவிடுவார்களோ என்ற கவலையோடு நீங்கள் வீடு போகக்கூடாது. இன்று காலை துணை இயக்குநர் திட்டத்தைத் திரும்பப் பெறும் கடிதத்தை எழுதினார். எழுதும்போது நன்றாகவே முணுமுணுத்தார், ஆனால் எழுதினார். பதினொரு பேரும் அதில் ஒப்பமிட்டோம்.

முன்வரிசையில் நான்கு நாற்காலிகள் காலியாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கணக்கெடுப்பாளர்கள் உங்களை அவமதிக்கவில்லை. இந்த நேரத்தில்தானே அக்கரையிலிருந்து படகு திரும்பும்! அவர்கள் கிழக்கே போய், முதல் வீட்டிலிருந்து கதவைத் தட்டத் தொடங்கியிருக்கிறார்கள்.

நோயின்றி, மனக்குறையின்றி, நெடுநாள் நீங்கள் நிறைவாக வாழ வேண்டும்!

குழப்பம் தீராத பேரன்புடன்,
அலுவலகத்தார் எழுவர்,
வர இயலாத நால்வருக்கும் சேர்த்து.